தென்னாப்பிரிக்கா, டர்பன்ல இருந்து கேஸ் நடத்துறவங்களுக்கு: அட்வகேட் எந்த ஊர்க்காரரா இருக்கணும்?

போன மாசம் கோயில்ல அன்னதானத்துக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தோம், பக்கத்துல உக்காந்திருந்த அண்ணன் ஒருத்தர் மெதுவா கேட்டார், "தம்பி, ஜோபர்க்ல (ஜோஹன்னஸ்பர்க்ல) ஒரு கேஸ் போட வேண்டி வரும்போல இருக்கு, இங்க டர்பன்ல நமக்கு நல்லா பழக்கமான அட்வகேட் ஒருத்தர் இருக்காரு, அவரையே வச்சுக்கட்டுமா, இல்ல அந்த ஊர்லயே ஆளு புடிக்கட்டுமா?" என்கிட்ட ஏன் கேட்டாருன்னா, இந்த விஷயத்துல நான் எவ்வளவு காசு விட்டேன்னு டர்பன்ல நம்ம சாட்ஸ்வொர்த் ஏரியாவுல பாதிப் பேருக்குத் தெரியும். அண்ணனுக்கு அன்னிக்கு வெங்காயம் முடியுறதுக்குள்ள பாதி தான் சொல்ல முடிஞ்சுது, மீதியையும் சேத்து இங்க எழுதுறேன். நான் வக்கீல் இல்ல, மசாலா, பூஜை சாமான் மொத்த வியாபாரம் பண்றவன், ஆனா மூணு வருஷம் கோர்ட் ஃபைலோட குடும்பம் நடத்தினவன்.

முதல்லயே சொல்லிடுறேன், அட்வகேட் எந்த ஊர்ங்கிறதை விட கோர்ட் எந்த ஊர், சாட்சிங்க எந்த ஊர், யாரு எத்தனை தடவை நேர்ல போய் நிக்கணும், இதுதான் முக்கியம். நாம பெரும்பாலும் தலைகீழா ஆரம்பிக்கிறோம், தெரிஞ்ச ஆளை முதல்ல புடிச்சுட்டு அப்புறம் கோர்ட் எங்கன்னு கேக்குறோம்.

படி 1: யாரு யாருன்னு புரிஞ்சுக்கங்க

இங்கிலாந்துல பாரிஸ்டர்னு சொல்றாங்களே, அந்த வேலைக்கு தென்னாப்பிரிக்காவுல அட்வகேட்னு பேரு. கோர்ட்ல எழுந்து நின்னு வாதாடுறது, சிக்கலான பேப்பர் எழுதுறது, சட்டக் கருத்து சொல்றது எல்லாம் அவங்க வேலை. அவங்களுக்கு முன்னாடி நிக்கிறவரு அட்டர்னி. நீங்க போய்ப் பாக்குறது, காசு கட்டுறது, லெட்டர் அனுப்புறது எல்லாம் அட்டர்னி வழியா தான், அவர் தான் அட்வகேட்டுக்கு பிரீஃப், அதாவது கேஸ் பேப்பரும் பொறுப்பும், கொடுப்பார். அட்வகேட்ல மூத்தவங்களுக்கு சீனியர் கவுன்சல்னு பட்டம், பேச்சுல சில்க்னு சொல்லுவாங்க, பெரிய கேஸ்ல சில்க் ஒருத்தரும் ஜூனியர் ஒருத்தரும் சேந்து வருவாங்க, ரெண்டு பில்லும் உங்களுக்குத்தான் வரும்.

2014-ஆம் வருஷத்து லீகல் பிராக்டிஸ் சட்டம் வந்த பிறகு இன்னொரு வகையும் இருக்கு, டிரஸ்ட் அக்கவுண்ட், அதாவது கட்சிக்காரர் பணத்தைத் தனியா வைக்கிற கணக்கு, வச்சிருக்கிற அட்வகேட். இவங்க அட்டர்னி இல்லாமலே நேரா உங்க கேஸை எடுத்துக்கலாம், ஆனா ஃபிடெலிட்டி ஃபண்ட் சர்டிஃபிகேட் கண்டிப்பா கையில இருக்கணும். அது இல்லாத அட்வகேட் ஒருத்தர் "அட்டர்னி எல்லாம் எதுக்கு, என் கணக்குல போட்டுருங்க"ன்னு சொன்னா அங்கயே எழுந்து வந்துருங்க, அவர் எந்த ஊர்ங்கிற ஆராய்ச்சியே வேண்டாம்.

இன்னொண்ணு, நிறைய பேருக்கு இது தெரியல, அட்வகேட்டுக்கு மாகாண எல்லை கிடையாது. டர்பன் அட்வகேட் கேப் டவுன் ஹைகோர்ட்லயும் நிக்கலாம், பிரிட்டோரியா அட்வகேட் வெருலம் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்லயும் நிக்கலாம். அட்டர்னியும் நாடு முழுக்க வேலை பாக்கலாம், ஹைகோர்ட்ல வாதாட மட்டும் அவங்களுக்குத் தனி சர்டிஃபிகேட் வேணும். அதனால "அங்க நிக்க அவருக்கு உரிமை இருக்கா"ங்கிற கேள்வி வேண்டாம். அங்க போய் நிக்கிற செலவு யாரு தலையிலங்கிறது தான் கேள்வி.

படி 2: கோர்ட் எதுன்னு முடிவு பண்ணுங்க, அதுவரைக்கும் ஆளு தேடாதீங்க

தொகை தான் முதல் வடிகட்டி. 20,000 ராண்ட் வரைக்கும்னா ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட், அங்க வக்கீலுக்கே இடம் கிடையாது, நீங்களே தான் பேசணும், அதனால இந்த முழுக் கட்டுரையும் உங்களுக்குத் தேவையில்ல, போய் ஃபாரம் வாங்குங்க. 2 லட்சம் ராண்ட் வரைக்கும் மாவட்ட மாஜிஸ்ட்ரேட் கோர்ட், அதுக்கு மேல 4 லட்சம் வரைக்கும் ரீஜனல் கோர்ட், அதையும் தாண்டினா ஹைகோர்ட். இந்த ரெண்டு வரம்பும் 2014-ல வச்சது.

அடுத்தது இடம். மாஜிஸ்ட்ரேட் கோர்ட்னா எதிராளி குடியிருக்கிற இடம், தொழில் பண்ற இடம், வேலை பாக்குற இடம், இல்லன்னா வழக்குக்கான காரணம் முழுசா நடந்த இடம். அந்த முழுசாங்கிற வார்த்தையில தான் நிறைய பேர் வழுக்கி விழுறாங்க, ஆர்டர் டர்பன்ல வாங்கி சரக்கு ஜோபர்க் பக்கம் லெனேஷியாவுல இறக்கினா முழுசா டர்பன்ல நடந்ததுன்னு சொல்ல முடியாது. ஹைகோர்ட்ல கொஞ்சம் தாராளம், ஒப்பந்தம் போட்ட இடம், நிறைவேத்த வேண்டிய இடம், மீறின இடம் எல்லாம் கணக்குல வரும்.

நம்ம குவாஸூலு நட்டால் மாகாணத்துக்கு ஹைகோர்ட் ரெண்டு இடத்துல உக்காருது. தலைமை இடம் பீட்டர்மாரிட்ஸ்பர்க், இன்னொண்ணு டர்பன். நடுவுல ஒரு 80 கிலோமீட்டர், ஜோபர்க் போற N3 ஹைவேல லாரி கவுந்து கிடக்கலன்னா ஒரு மணி நேரம். டர்பன் அட்வகேட்டுங்களுக்கு மாரிட்ஸ்பர்க் போறது வாடிக்கையான வேலை, அந்தத் தூரத்துக்கு எல்லாம் கவலைப்படாதீங்க, பெட்ரோலும் டோலும் பில்லுல வருமான்னு மட்டும் கேட்டுக்கங்க. கௌடெங் மாகாணத்துலயும் இதே மாதிரி பிரிட்டோரியா தலைமை, ஜோஹன்னஸ்பர்க் இன்னொரு இடம். டிவோர்ஸ்னா ரீஜனல் கோர்ட்லயும் போடலாம், ஹைகோர்ட்லயும் போடலாம். உங்கள்ல ஒருத்தருக்கு இந்த ஏரியா தான் நிரந்தர இருப்பிடம்னு இருந்தா போதும், இல்லன்னா இங்க குடியிருந்து, நாட்டுல ஒரு வருஷமாவது ஆகியிருக்கணும், அதனால புதுசா ஊர்ல இருந்து வந்தவங்க தேதியை எண்ணிப் பாருங்க.

படி 3: எத்தனை தடவை, யாரு, நேர்ல நிக்கணும்னு எண்ணுங்க

அட்டர்னி கிட்ட முதல் சந்திப்புலயே இதைக் கேளுங்க: இந்தக் கேஸ் சுமுகமா போனா எத்தனை தடவை கோர்ட்ல நிக்கணும், இழுத்தா எத்தனை தடவை? நல்ல அட்டர்னி ஒரு எண்ணாவது சொல்லுவார். எதிராளி தகராறே பண்ணாத கேஸ்னா ஒரே தடவை அஞ்சு நிமிஷம். தகராறு பண்ணினா அப்ளிகேஷன், ஒத்திவைப்பு, திரும்ப தேதி, டிரையல்னு அது பாட்டுக்கு வளரும்.

என் கதையை இங்க தான் சொல்லணும். 2019-ல லெனேஷியாவுல கடை வச்சிருந்த ஒருத்தர் என்கிட்ட 4,60,000 ராண்டுக்கு சரக்கு எடுத்துட்டு கையை விரிச்சுட்டார். ஆர்டர் எல்லாம் வாட்ஸாப்ல, பணம் எங்க கட்டணும்னு எழுதின பேப்பர் ஒண்ணு கூட இல்ல, அதனால டர்பன்ல போட்டு இந்தக் கோர்ட்டுக்கு விசாரிக்க உரிமை இருக்காங்கிறதைப் பத்தியே ஒரு வருஷம் சண்டை போடுறதை விட ஜோஹன்னஸ்பர்க் ஹைகோர்ட்லயே போட்டுடலாம்னு அட்டர்னி சொன்னார், அது சரியான யோசனை தான். நான் பண்ணின தப்பு அடுத்தது. டர்பன்ல எனக்குப் பழக்கமான அட்வகேட்டையே அனுப்பணும்னு நின்னேன். நல்ல மனுஷன், கெட்டிக்காரர், எங்க பேச்சு அவருக்குப் புரியும், அந்த ஆறுதல் எனக்கு வேண்டியிருந்துச்சு.

ஒரு தடவை அவர் போயிட்டு வந்தா பில் இப்படி இருந்துச்சு: அன்னிக்கு நாள் ஃபீஸ் 18,000, முன்னாடி நாள் பயணத்துக்கு அரை நாள் 9,000, ஃப்ளைட் 2,900, ஹோட்டல் 1,500, ஏர்போர்ட்ல இருந்து டாக்ஸி 600. மொத்தம் 32,000 ராண்ட். ரெண்டாவது தடவை போனப்ப ஃபைல் அந்தக் கோர்ட் வழக்கப்படி பக்க எண் போட்டு இண்டெக்ஸ் பண்ணல, அங்க இருக்கிற பிராக்டிஸ் மேனுவல்ல அது எப்படி இருக்கணும்னு வரிவரியா எழுதியிருக்கு, எங்க ஆளு டர்பன் பழக்கத்துல அனுப்பியிருந்தார். ஜட்ஜ் கேஸை ரோல்ல, அதாவது விசாரணைப் பட்டியல்ல, இருந்து எடுத்துட்டார். வாதமே நடக்கல, பத்து நிமிஷம் கூட ஆகல, சாயந்திரம் ஃப்ளைட்ல திரும்பி வந்தாரு, பில்லு முழுசா வந்துச்சு. நான் கோவப்படவும் முடியல, அவர் பொழுது அவர் கொடுத்தார். மூணு தடவைக்கு 96,000. அதே ஃபீஸ் வாங்குற ஜோபர்க் ஆளை வச்சிருந்தா 54,000. மிச்சம் 42,000 ராண்ட் நான் N3-க்கு மேல ஆகாயத்துல விட்ட காசு.

படி 4: அட்டர்னியோட ஊர் தான் அட்வகேட்டோட ஊரை விட கணக்கு

ஹைகோர்ட்ல பேப்பர் போடுறப்ப ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல இருந்து 15 கிலோமீட்டருக்குள்ள ஒரு முகவரி கொடுக்கணும், எதிராளி பேப்பரைக் கொண்டு வந்து கொடுக்கிறதுக்கு. உங்க அட்டர்னி டர்பன்ல, கோர்ட் ஜோபர்க்லன்னா அவர் அங்க இன்னொரு அட்டர்னியை வைப்பார், கரெஸ்பாண்டண்ட்னு சொல்லுவாங்க. அவங்க பேப்பரை வாங்கி, ஃபைல் பண்ணி, தேதி எடுத்து, சமயத்துல அட்வகேட்டையும் கூட்டிட்டுப் போவாங்க. இதுவும் சும்மா இல்ல, ஒவ்வொரு பேப்பருக்கும் ரெண்டு ஆபீஸ் கை வைக்குது, ரெண்டு பில்.

ஆனா இந்த கரெஸ்பாண்டண்ட் நல்ல ஆளா கிடைச்சா அதுவே பாதி பிரச்சனையைத் தீத்துரும். எந்த ஜட்ஜ் எப்ப உக்காருறாரு, அந்த கோர்ட்ல எந்தப் பேப்பரை எந்த வரிசையில வைக்கணும், ரெஜிஸ்ட்ரார் கவுண்டர்ல எந்த நேரத்துக்குப் போகணும், இதெல்லாம் சட்டப் புத்தகத்துல கிடையாது. கௌடெங்ல 2025 ஏப்ரல்ல இருந்து சிவில் டிரையல் தேதி வேணும்னா முதல்ல மீடியேஷனுக்கு, அதாவது சமரசப் பேச்சுக்கு, போகணும்னு உத்தரவு வந்துச்சு, காரணம் என்னன்னா டிரையல் தேதி 2031 வரைக்கும் போயிருச்சு. வெளியூர் ஆளு இந்த மாதிரி விஷயத்தைத் தாமதமா தெரிஞ்சுக்கிட்டா மாசக்கணக்குல போயிரும்.

என் கணக்குப்படி வெளியூர் கேஸுக்கு நல்ல ஏற்பாடு இது: நீங்க தினமும் பேசுற அட்டர்னி உங்க ஊர்ல, அட்வகேட் கோர்ட் இருக்கிற ஊர்ல. உங்களைப் புரிஞ்சுக்கிறவர் ஒருத்தர், அந்த கோர்ட்டைப் புரிஞ்சவர் ஒருத்தர். ரெண்டு பேரும் ஈமெயில்ல, டீம்ஸ்ல பேசிக்குவாங்க. 2020-க்கு அப்புறம் கௌடெங்ல ஃபைல் எல்லாம் ஆன்லைன்ல ஏத்துற முறை வந்துருச்சு, சின்னச் சின்ன விசாரணை வீடியோவுலயே நடக்குறதும் உண்டு, அதனால தூரத்தோட விலை முன்ன மாதிரி இல்ல. ஆனா ஜட்ஜ் நேர்ல வரச் சொன்னா வந்து தான் ஆகணும், வீடியோன்னு நம்பி பிளான் போடாதீங்க.

இந்த ஏற்பாடு புதுசு ஒண்ணும் இல்ல. 1893-ல காந்தி டர்பனுக்கு வந்ததே இப்படி ஒரு கேஸுக்குத்தான். தாதா அப்துல்லா கம்பெனிக்கு பிரிட்டோரியாவுல 40,000 பவுண்டு வழக்கு, பிரிட்டோரியா இருந்த டிரான்ஸ்வால் அப்ப தனி நாடு. லண்டன்ல பாரிஸ்டர் பட்டம் வாங்கின இளைஞனை இந்தியாவுல இருந்து 105 பவுண்டு சம்பளம், போக வர முதல் வகுப்புச் செலவு, தங்குற செலவு எல்லாம் கொடுத்துக் கூட்டிட்டு வந்தாங்க. கோர்ட்ல வாதாடவா? கிடையாது. அதுக்கு பிரிட்டோரியாவுலயே ஆளுங்க இருந்தாங்க. கணக்கு, கடிதம் எல்லாம் குஜராத்தியில, அதைப் படிச்சு அந்த ஊர் வக்கீலுங்களுக்குப் புரிய வைக்கத்தான் இவரு. மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷன்ல ரயில்ல இருந்து இறக்கி விட்டது அந்தப் பயணத்துல தான், ஜூன் 7-ஆம் தேதி ராத்திரி. கேஸ் கடைசியில மத்தியஸ்தத்துல முடிஞ்சுது, தோத்தவர் தவணையில கட்டினார். மொழி தெரிஞ்சவர் வெளியூர்ல இருந்து, கோர்ட் தெரிஞ்சவர் உள்ளூர்ல இருந்து, 130 வருஷத்துக்கு முன்னாடியே வியாபாரிங்க இந்தக் கணக்கைச் சரியா போட்டிருக்காங்க, நான் தான் 2019-ல கோட்டை விட்டேன்.

படி 5: எப்ப பக்கத்து ஆளு தான் வேணும்

கைது. இதுல யோசிக்கவே வேண்டாம். கைது பண்ணின 48 மணி நேரத்துக்குள்ள கோர்ட்டுக்குக் கொண்டு வரணும், வாரக்கடைசியில மாட்டினா அடுத்த கோர்ட் வேலை நாள். அந்த நேரத்துக்குள்ள போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், குடும்பத்தைப் பாத்து, முகவரி சான்று சேத்து, பெயில் கேக்கணும். ஜோபர்க்ல இருந்து பெரிய பேரு வந்து இறங்குறதுக்குள்ள உங்க பையன் ரெண்டு ராத்திரி உள்ள இருந்திருப்பான். சாட்ஸ்வொர்த், வெருலம், பைன்டவுன்னு எந்தக் கோர்ட்டோ அங்க வாரத்துல நாலு நாள் நிக்கிற அட்டர்னியே போதும், பெரும்பாலும் பெயிலுக்கு அட்வகேட்டே வேண்டியதில்ல.

குடும்ப வன்முறைக்குப் பாதுகாப்பு உத்தரவு வாங்குறதும் அப்படித்தான், நீங்க குடியிருக்கிற இடத்து மாஜிஸ்ட்ரேட் கோர்ட்லயே வாங்கலாம், முதல் நாள் வக்கீல் இல்லாமலே போகலாம். வேலையில இருந்து தூக்கிட்டாங்கன்னா CCMA, அதாவது வேலைத் தகராறைத் தீர்க்கிற அமைப்பு, அங்க 30 நாளுக்குள்ள மனு போடணும், நடத்தை சரியில்லன்னு தூக்கின கேஸ்ல வக்கீலை உள்ள விடுறதே கமிஷனர் அனுமதி கொடுத்தா தான், அதுக்குப் போய் வெளியூர் அட்வகேட்டுக்கு டிக்கெட் போடாதீங்க.

இடத்தைப் பாத்தா தான் புரியுற கேஸ் இன்னொரு வகை. பக்கத்து வீட்டுக்காரன் சுவர் உங்க எல்லைக்குள்ள வந்தது, ரோட்டு ஆக்சிடெண்ட், மழைக்கு மேல் வீட்டு மண்ணு சரிஞ்சு கீழ் வீட்டுல விழுந்தது, 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கு அப்புறம் இந்த மாதிரி சண்டை எங்க பக்கமே சிலது. அட்வகேட் நேர்ல வந்து அந்தச் சரிவுல நின்னு பாத்துட்டு பேசுறதுக்கும் போட்டோவைப் பாத்துட்டு பேசுறதுக்கும் வித்தியாசம் உண்டு.

அப்புறம் சாட்சிங்க நம்ம வயசானவங்களா இருந்தா. இதை நான் கண்ணால பாத்தேன், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். எங்க மாமியாரோட அக்கா, எண்பது வயசு தாண்டினவங்க, வெருலம் வீடு சம்பந்தமா ஒரு தகராறுல சாட்சி. சேம்பர்ஸ்ல, அதாவது தன் ஆபீஸ்ல, உக்காந்து அட்வகேட் கேக்குறாரு, எந்தத் தேதியில பணம் கொடுத்தீங்க? பெரியம்மா பேத்தியைப் பாத்துட்டு சொல்றாங்க, "புரட்டாசி மூணாவது சனிக்கிழமை விட்டு மறு செவ்வாய், நான் விரதத்துல இருந்தேன், அவன் வீட்டுல மீன் வாசனை, அதான் வாசல்லயே நின்னு கொடுத்தேன்." அட்வகேட் தமிழர் இல்ல, டர்பன்ல பொறந்து வளந்த வேற சமூகத்து ஆளு. சிரிச்சுட்டு போனை எடுத்தாரு, அந்த வருஷத்துக் காலண்டரைப் பாத்தாரு, தேதியை எழுதிக்கிட்டாரு. புரட்டாசி வந்தா டர்பன்ல இறைச்சிக் கடையே ஈ ஓட்டும், அது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அதே பேச்சை கேப் டவுன்ல இருந்து வந்த ஒருத்தர் கேட்டிருந்தா, தேதி ஞாபகம் இல்லன்னு எழுதிட்டுப் போயிருப்பார். அந்த மீன் வாசனை தான் கடைசியில குறுக்கு விசாரணையில பெரியம்மாவைக் காப்பாத்துச்சு, ஏன் வாசல்ல நின்னு கொடுத்தீங்கன்னு எதிர்த்தரப்பு மடக்கப் பாத்தப்ப அவங்க கிட்ட பதில் ரெடியா இருந்துச்சு.

மொழி பத்தியும் இங்கயே சொல்லிடுறேன். ஹைகோர்ட்ல பதிவு மொழி 2017-ல இருந்து இங்கிலீஷ் மட்டும் தான். ஆனா கிரிமினல் கேஸ்ல குத்தம் சாட்டப்பட்டவருக்குப் புரியுற மொழியில விசாரணை நடக்கணும், இல்ல மொழிபெயர்த்துச் சொல்லணும்னு அரசியல் சாசனத்துலயே இருக்கு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் அடுத்த ரூம்ல உக்காந்திருக்க மாட்டார், அதனால தேதி கிடைச்ச அன்னிக்கே அட்டர்னி வழியா கோர்ட்டுக்குச் சொல்லி வைங்க, இல்லன்னா அதுக்காகவே ஒரு ஒத்திவைப்பு. பேரப்பிள்ளைங்க பேசுற தமிழை நம்பி சாட்சி சொல்ல வைக்காதீங்க, இங்க பொறந்த பிள்ளைங்களுக்கு "வா, போ, சாப்பிடு" தாண்டினா கஷ்டம், அது அவங்க குத்தமும் இல்ல. 1894-ல பாலசுந்தரம்னு ஒரு தமிழ் ஒப்பந்தக் கூலி, முதலாளி அடிச்சு பல்லு உடைஞ்சு ரத்தத்தோட காந்தி ஆபீஸுக்கு வந்தப்ப, அங்க குமாஸ்தா தமிழர்ங்கிறதால தான் நடந்தது முழுசா வெளிய வந்துச்சு. ஆபீஸ்ல ஒரு ஆளுக்காவது உங்க பேச்சு புரியுதான்னு பாருங்க, அது அட்வகேட்டா இருக்கணும்னு அவசியமில்ல.

படி 6: எப்ப தூரத்து ஆளுக்கு காசு கொடுக்கலாம்

வாதாடவே வேண்டியதில்ல, சட்டக் கருத்து மட்டும் வேணும்னா ஊரைப் பத்தி யோசிக்கவே வேண்டாம். என் நண்பர் ஒருத்தர் இறக்குமதி வரி பிரச்சனைக்கு கேப் டவுன்ல இருக்கிற அட்வகேட் கிட்ட கருத்து வாங்கினார், டீம்ஸ்ல ரெண்டு மணி நேரம், பன்னெண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார், அதைக் காட்டினதுமே எதிர்த்தரப்பு இறங்கி வந்துருச்சு. வரி, காப்புரிமை, கப்பல், மருத்துவத் தவறு, போட்டிச் சட்டம் இந்த மாதிரி விஷயத்துல நாட்டுக்கே கொஞ்சம் பேரு தான் ஊறினவங்க இருப்பாங்க, அவங்க இருக்கிற ஊருக்கு நாம தான் போகணும். கப்பல் விஷயத்துல மட்டும் நம்ம டர்பனுக்கு மத்தவங்க வருவாங்க, துறைமுகம் இங்க இருக்கே.

மேல்முறையீடும் அப்படித்தான். சுப்ரீம் கோர்ட் ஆஃப் அப்பீல் ப்ளூம்ஃபான்டீன்ல, கான்ஸ்டிடியூஷனல் கோர்ட் ஜோஹன்னஸ்பர்க் பிராம்ஃபான்டீன்ல, பழைய ஜெயில் இருந்த இடத்துல. அங்க சாட்சி விசாரணை கிடையாது, பேப்பரும் வாதமும் தான், வழக்கமா ஒரு நாள்ல முடியும். கீழ்க் கோர்ட்ல கேஸை நடத்தின அட்வகேட்டுக்கு ஃபைல் மனப்பாடம், அவரையே கூட்டிட்டுப் போங்க, ஊர் மாறுதுன்னு ஆளை மாத்தினா புது ஆளு ஆயிரம் பக்கம் படிக்கிற ஃபீஸு ஃப்ளைட்டை விட அதிகம்.

உள்ளூர்ல எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், நண்பர், அதனால யாருமே கேஸை எடுக்கத் தயங்குறாங்கன்னா அப்பவும் வெளியூர் ஆளு நல்லது. நம்ம கோயில் கமிட்டி தகராறுகளுக்கு நான் கண்ணை மூடிட்டு இதைத்தான் சொல்லுவேன்.

படி 7: ஜெயிச்சா பயணச் செலவு திரும்ப வருமா

பெரும்பாலும் வராது. ஜெயிச்சவருக்குச் செலவுத்தொகை கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தாலும் அதை டாக்ஸிங் மாஸ்டர்னு ஒருத்தர் வரி வரியா வெட்டுவார். அந்த ஊர்லயே தகுதியான ஆளுங்க இருக்கிறப்ப ஏன் வெளியூர்ல இருந்து கூட்டிட்டு வந்தீங்கன்னு கேட்டா பதில் சொல்லணும். அட்வகேட் ஃபீஸுல எதிராளி கிட்ட இருந்து திரும்ப வாங்குறதுக்கே உச்சவரம்பு இருக்கு, 2024 ஏப்ரல் 12-ல இருந்து A, B, Cன்னு மூணு அளவு, கால் மணி நேரத்துக்கு 375, 750, 1,125 ராண்ட். அதாவது B அளவுல மணிக்கு 3,000. உங்க ஆளு மணிக்கு 4,000 வாங்கினா, B-னு உத்தரவு வந்தா அந்த ஆயிரம் உங்க பாக்கெட்ல இருந்து, ஃப்ளைட் அதுக்கு மேல.

ஜெயிச்சா தான் ஃபீஸுங்கிற ஏற்பாட்டுல போறவங்களும் இதைக் கேட்டு வைங்க. வெற்றி ஃபீஸ் வழக்கமான ஃபீஸை விட ரெண்டு மடங்குக்கு மேல போகக்கூடாது, பணம் கேக்குற கேஸ்ல கிடைக்கிற தொகையில 25 சதவீதத்தையும் தாண்டக்கூடாது. ஆனா பயணம், ஹோட்டல் எல்லாம் அந்தக் கணக்குக்குள்ளயா வெளியயான்னு கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி பேசிக்கங்க.

படி 8: பிரீஃப் போறதுக்கு முன்னாடி எழுத்துல வாங்க வேண்டியது

நாள் ஃபீஸ் எவ்வளவு, ஒரு நாள்னா எத்தனை மணி நேரம். பயண நேரத்துக்கு ஃபீஸ் உண்டா, அரையா முழுசா. கேஸ் அன்னிக்குக் காலையில ராஜியாயிட்டா ஒதுக்கி வச்ச நாளுக்கு எவ்வளவு கட்டணும், இது பலருக்கும் தெரியாம வந்து விழுற பில், அஞ்சு நாள் டிரையலுக்கு ஒதுக்கி வச்சுட்டு முதல் நாள் முடிஞ்சா மீதி நாளுக்கும் கேக்குறவங்க உண்டு. அதே நாள்ல அவருக்கு வேற கேஸ் வந்தா யாரை அனுப்புவார். அந்தக் கோர்ட்ல இதுக்கு முன்னாடி எத்தனை தடவை நின்னிருக்கார். இந்தக் கடைசிக் கேள்வியை நான் கேக்கல, கேட்டிருந்தா பக்க எண் விஷயம் முதல்லயே தெரிஞ்சிருக்கும்.

பேரு லீகல் பிராக்டிஸ் கவுன்சில்ல பதிவுல இருக்கான்னு பாருங்க, 2018-ல இருந்து அட்டர்னி, அட்வகேட் எல்லாருக்கும் ஒரே கவுன்சில் தான். "பெரிய ஆளு"ன்னு ஊர்ல சொல்றதை மட்டும் நம்பாதீங்க.

கையில காசே இல்லன்னா லீகல் எய்ட் இருக்கு, 0800 110 110 அடிச்சா ஆலோசனை இலவசம், வருமானம் பாத்துத்தான் வக்கீல் கொடுப்பாங்க. அதுல எந்த ஊரு, எந்த ஆளுன்னு நீங்க தேர்ந்தெடுக்க முடியாது, உங்க பக்கத்து ஆபீஸ்ல இருந்து வருவாங்க.

பாதி வழியில ஆளை மாத்தணும்னா

மாத்தலாம், யாரும் தடுக்க முடியாது. ஆனா கட்ட வேண்டிய ஃபீஸைக் கட்டாத வரைக்கும் அட்டர்னி ஃபைலைப் பிடிச்சு வச்சுக்கலாம், அந்த உரிமை அவருக்கு உண்டு. டிரையல் தேதிக்கு ரெண்டு வாரம் முன்னாடி மாத்தினா புது ஆளு ஒத்திவைப்பு கேப்பார், அந்த நாள் செலவு உங்க தலையில விழும். நான் மூணாவது தடவைக்கு அப்புறம் மாத்தினேன். டர்பன் அட்டர்னியை வச்சுக்கிட்டே ஜோபர்க்ல ஒரு ஜூனியர் அட்வகேட்டுக்கு பிரீஃப் போச்சு, வயசு முப்பத்தி சொச்சம் இருக்கும், பிரிட்சர்ட் ஸ்ட்ரீட்ல இருக்கிற ஜோபர்க் ஹைகோர்ட்டுக்கு தினமும் போற பொண்ணு. முதல் போன்லயே அவங்க கேட்டது, "இண்டெக்ஸ் யாரு பண்ணினாங்க?" அதை அவங்களே சரி பண்ணி, தேதி எடுத்து, வாதத்துக்கு முன்னாடி நாள் எதிர்த்தரப்பு தவணைக்கு ஒத்துக்கிச்சு. மாசம் 20,000 ராண்ட், இருபத்தி மூணு மாசம். நடுவுல ரெண்டு மாசம் வரல, திரும்ப வந்துச்சு.

இப்ப புதுக் கடைக்காரர் யாரு வந்தாலும் சரக்கு ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு ஃபாரம்ல கையெழுத்து வாங்குறேன், ஆர்டர் ஏத்துக்கிறது டர்பன்ல, பணம் கட்டுற இடமும் டர்பன். அட்டர்னி எழுதிக் கொடுத்தார், 1,500 ராண்ட் வாங்கினார். அந்த அண்ணனும் ஒரு காப்பி கேட்டிருக்கார், ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு எடுத்துட்டுப் போகணும்.